ஓரங்கட்ட இயலாத எந்திரம்

பாதுகாப்பு என்பது ஒரு பொருளிலேயே உறைந்திருக்கும் குணமா, அப்பொருளும் அது இயங்கும் சூழலும் சேரும்போது மட்டுமே அமையும் உறவா என்னும் வினா, தம் கையால் சிறு விமானம் கட்டும் அமெரிக்கர்கள் கார்களுக்கென உருவான மின்னணு எரிபொருள் செலுத்தும் முறையைத் தம் எஞ்சினில் பொருத்த முனையும்போது ஏட்டளவில் நிற்பதில்லை.

மரபான விமான எஞ்சினுக்குத் தீப்பொறி தருவது மேக்னெட்டோ, அதாவது எஞ்சினின் சுழற்சியைக் கொண்டே மின்சாரம் பிறப்பிக்கும் கருவி. ஒன்று பழுதானாலும் மற்றொன்று இயங்கும் வகையில் அது இரண்டாக அமைவதாலும், மேலிறக்கை விமானங்கள் பலவற்றில் பெட்ரோல் தன் எடையாலேயே கார்புரேட்டருக்கு இறங்குவதாலும், பேட்டரி தீர்ந்த பின்னும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். எரிபொருள் செலுத்தும் முறையோ கார்புரேட்டரில் பனி உறையும் ஆபத்தை நீக்கினாலும், பெட்ரோலை ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் தள்ளும் பம்ப், சுழற்சியை உணரும் சென்சார், அளவைக் கணிக்கும் கட்டுப்பாட்டுக் கணினி ஆகிய அனைத்தையும் மின்சாரம் என்னும் ஒரே நூலில் தொங்கவிடுகிறது.

இதைவிட நுட்பமான ஆபத்து அக்கணினியின் நிரலில் இருக்கிறது. கோளாறு கண்டால் எஞ்சினைக் காக்கும்பொருட்டுத் திறனைக் குறைக்குமாறு பல கார்க் கணினிகள் அமைக்கப்பட்டுள்ளன. வண்டியைச் சாலையோரம் நிறுத்தலாம் என்னும் எண்ணம் அதற்கு அடிப்படையாக உள்ளது. ஓரம் என்பதே இல்லாத வானிலோ, எஞ்சின் பாழானாலும் தரை சேரும்வரை திறன் தருவதே பாதுகாப்பு. ஆகவே தரையில் அறமாக இருந்த கட்டளை, ஒரு சொல்லும் மாறாமல், வானில் கேடாகிறது. பாதுகாப்பு உறவே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரட்டிப்பும் இவ்வாறே எண்ணிக்கையால் அமைவதன்று. இரண்டு பம்புகள் ஒரே ஃபியூஸில் இணைந்திருந்தால் ஆபத்தின் கணக்கில் அவை ஒன்றே. 2012-இல் வெளிவந்த ரோட்டாக்ஸ் 912 ஐஎஸ் எஞ்சினில் கட்டுப்பாட்டுத் தடங்கள் இரண்டாகவும், சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் இன்ஜெக்டர்கள் இரண்டாகவும், மின்னாக்கிகளும் இரண்டாகவும் அமைந்தது இப்புரிதலால்தான்.

இத்தகைய ஆபத்தை ஏற்கும் உரிமை யாருக்கு என்பது அடுத்த வினா. பிறருக்குத் தீங்கில்லாதவரை ஒருவர் தம் ஆபத்தைத் தாமே தேர்ந்துகொள்ளலாம் என்று மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் முன்வைத்த கருத்தோடு, கற்றலுக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ பெரும்பகுதியைத் தாமே கட்டியவருக்குப் பறக்க இசைவளிக்கும் அமெரிக்க விதி பெரிதும் ஒத்துச் செல்கிறது. வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரம் நீளும் தொடக்கச் சோதனைக் காலத்தில் பயணி எவரையும் ஏற்ற அவ்விதி விடுவதில்லை; அதன் பின்னரும், இவ்விமானம் வழக்கமான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு இணங்கியதன்று என்னும் அறிவிப்புப் பலகை பயணியின் கண்ணில் படவேண்டும். ஆனால் பலகையைப் படித்து ஏறும் பயணி ஆபத்து உண்டு என்று அறிகிறாரே தவிர, அது எந்தக் கம்பியில், எந்தக் கட்டளையில் ஒளிந்திருக்கிறது என்று அறிவதில்லை. அவரது இசைவில் உள்ள அந்த இடைவெளியை நிரப்பும் கடமை கட்டியவருடையது. எனவே விமானம் தரையோடு பிணைக்கப்பட்டு எஞ்சின் ஓடும்போதே ஆல்டர்னேட்டரையும், ஒரு பம்பையும், ஒரு சென்சாரையும் ஒவ்வொன்றாகத் துண்டித்து விளைவைப் பார்ப்பது தொழில்நுட்பச் சோதனையாக இருப்பதோடு, இன்னும் ஏறாத பயணிக்குச் செலுத்தும் கடனாகவும் அமைகிறது.