சிட்டியும் மண்குதிரையும்

‘எந்திரன்’ (2010) கடைசிக் காட்சியில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு உருண்டையாகின்றன, பாம்பாகின்றன. எந்த இயற்பியலும் இதை ஒப்புக்கொள்ளாது. ஆனாலும் எனக்கு அது உறுத்தவே இல்லை. எங்கள் காரியாபட்டிப் பக்கத்து அய்யனார் கோயில் குதிரைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு எப்படி உறுத்தும்? முழி பிதுங்கி, பல் தெரிய, ஆளைவிட உயரமாக நிற்கும் சுடுமண் குதிரைகள். நிஜக் குதிரை எதுவும் அப்படி இருக்காது. ராத்திரி அதில் ஏறித்தான் சாமி ஊர்க்காவல் போகிறார் என்றால் மறுபேச்சில்லாமல் நம்புவோம்.

‘கோச்சடையான்’ (2014) அறிவியல் புனைவு இல்லைதான், ஆனால் சிக்கல் இதேதான். ரஜினியின் அசைவுகளை மோஷன் கேப்சரில் பிடித்து, தோல், முடி எல்லாவற்றையும் நிஜம்போலவே செய்யப் பார்த்தார்கள். கண்ணில் மட்டும் உயிர் வரவில்லை. நிஜத்துக்குப் பக்கத்தில் போகப் போக, மிச்சமிருக்கிற குறைதான் பெரிசாகத் தெரியும்.

தொழில்நுட்பக் குறை என்றால் அடுத்த மென்பொருள் சரிசெய்துவிடும். எனக்கு இடறுவது வேறு. 2009இல் இறந்துபோன நாகேஷையும் அந்தப் படத்தில் கணினியில் உருவாக்கி நடமாட விட்டார்கள். சிட்டிப் பாம்பு தன்னை நிஜம் என்று சொல்லிக்கொள்வதில்லை. அந்த முகமோ நாகேஷ் செய்யாத ஒன்றை நாகேஷ் செய்ததாகச் சொல்கிறது. சம்மதமா என்று அவரிடம் கேட்கவும் வழியில்லை. இன்றைக்கு அதைவிடத் துல்லியமாகச் செய்யலாம், கண்ணில் உயிர்கூட வரலாம். எனக்கு வேண்டாம். ‘சர்வர் சுந்தரம்’ இருக்கிறது.