விலை இறங்கும் நாளில் கூச்சத்தை விடுங்கள்

மனை மார்க்கெட் கொதித்த காலத்தில் இடம் பார்க்கப் போனவர்களுக்கு இந்தப் பேச்சு மனப்பாடமாகவே இருக்கும். "சார், காலையிலதான் ஒரு பார்ட்டி பார்த்துட்டுப் போனாங்க. சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் போடலைன்னா இடம் நம்ம கையில இல்ல." தாய்ப்பத்திரத்தின் நகலைக் கேட்டால், "எல்லாம் கிளியர் சார்" என்று பதில் வரும். அதற்கு மேல் கேட்கக் கூச்சம். வசதியில்லாதவன் என்று நினைத்துவிடுவாரோ என்ற தயக்கம். இருபது வருட உழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கப் பயந்து நிற்கிறார்களே நம் மக்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை!

அதே மார்க்கெட் படுத்துவிட்டால் இன்னொரு பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. "இப்போ போய் யாராவது இடம் வாங்குவாங்களா?" என்கிறார் மாமனார். அலுவலக நண்பரும் அதையே சொல்கிறார். ஏறும்போது கேட்கக் கூச்சம், இறங்கும்போது பார்க்கவே பயம் என்றால், சொந்த வீட்டுக்கு நீங்கள் எப்போதுதான் வாய் திறப்பீர்கள்?

2016ஐ நினைத்துப் பாருங்கள். செப்டம்பரில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. பாதி ரொக்கமாகவே கைமாறிப் பழகிய தொழில் திகைத்து நின்றது. பத்திர எழுத்தர்கள் ஈ ஓட்டினார்கள். 2017 ஜூனில் தமிழக அரசே வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக ஏற்றியது. நிலத்தில் பணம் போட்டவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் சாமானியனுக்குச் சட்டத்தின் துணை கிடைத்ததும் அந்த ஆண்டுகளில்தான். 2017 மே 1 முதல் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் எட்டு வீட்டுக்கு மேல் கட்டி விற்பவர் பதிவு செய்தே ஆக வேண்டும். வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கென்றே தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. மார்க்கெட் சரியும்போது பாதியில் நிற்கும் அடுக்குமாடிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த மூன்று விதிகளின் அருமை தெரியும். உங்களுக்காக எழுதப்பட்ட சட்டம் அது. பில்டரின் ஏ.சி. அறையில் உட்கார்ந்து, காபியைக் குடித்துவிட்டு, "ரெரா நம்பர் சொல்லுங்க" என்று கேட்க உங்களுக்கு என்ன தயக்கம்?

மார்க்கெட் மந்தமாகும்போது விலை குறைவதை எல்லாரும் பார்க்கிறார்கள். உங்களுக்கு நேரம் கிடைக்கிறதே, அது அதைவிடப் பெரிய லாபம். சாயங்காலத்துக்குள் அட்வான்ஸ் கேட்டவர் இப்போது ஒரு மாதம் காத்திருப்பார். அந்த ஒரு மாதத்தில் முப்பது வருட வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அது சுத்தமாக வந்தாலும் நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். பதிவான விவரங்கள் மட்டுமே அதில் வரும். பதிவாகாத ஒப்பந்தமோ, கையெழுத்துப் போடாத வாரிசோ அதில் தெரியாது. தாய்ப்பத்திரத்தைக் கையில் வாங்கி, பெயர் பெயராக விரலை வைத்துப் படியுங்கள். தகப்பனார் இறந்தபின் மூன்று மகன்கள் சேர்ந்து விற்றிருப்பார்கள். மகள் பெயரே இருக்காது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தமும் 2005இல் வந்த மத்தியத் திருத்தமும் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு தந்துவிட்டன. அந்தப் பெண்ணின் கையெழுத்து எங்கே என்று கேளுங்கள். பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணும் உட்பிரிவும் பட்டாவோடு ஒத்துப்போகிறதா? புல வரைபடத்தில் உள்ள அளவு தரையில் இருக்கிறதா? மழைக்காலத்தில் ஒருமுறை போய் நில்லுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் தண்ணீர் எங்கே நின்றது என்பதை எந்தப் பத்திரமும் சொல்லாது. எதிர்வீட்டு அம்மா சொல்வார்.

உங்கள் பலத்தையும் அளந்துகொள்ளுங்கள். பயமில்லை என்று காட்டுவதற்காகக் கடனில் குதிப்பதைத் துணிச்சல் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். 30 லட்சம் ரூபாய் கடனை 20 வருடத்தில் அடைக்க, 6.5 சதவீத வட்டியில் மாதத் தவணை ஏறக்குறைய 22,400 ரூபாய். வட்டி 9 சதவீதமானால் 27,000. 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான ரெப்போ விகிதத்தை 4இலிருந்து 6.5 சதவீதமாக ஏற்றியது. மாறும் வட்டியில் கடன் வாங்கிய குடும்பங்கள் இந்தச் சுமையை நேரில் பார்த்தன. அந்த 27,000ஐ, வேலை போய் ஆறு மாதம் வீட்டில் இருக்க நேர்ந்தாலும் கட்ட முடியுமா? முடியும் என்றால் நிமிர்ந்து பேசுங்கள். முடியாதென்றால், அதையும் நிமிர்ந்தே சொல்லிவிட்டு இன்னும் இரண்டு வருடம் சேமியுங்கள். சேமிக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிற உறவுக்காரர் உங்கள் தவணையைக் கட்டப்போவதில்லை.

நிலம் என்றால் விலை ஏறியே தீரும் என்று ஒரு நம்பிக்கை நம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. ஜப்பானில் 1990களின் தொடக்கத்தில் சரியத் தொடங்கிய நில விலை பத்தாண்டுகளுக்கு மேல் எழவேயில்லை. அமெரிக்காவில் 2006இல் உச்சம் தொட்ட வீட்டு விலை 2012 வரை இறங்கிக்கொண்டிருந்தது. விலை இறங்கியதாலேயே ஒரு மனை மலிவாகிவிடாது. அடுத்த வருடமே விற்று லாபம் பார்க்கலாம் என்று வாங்குகிறவர் இந்தப் பக்கமே வர வேண்டாம். குடியிருக்க, பிள்ளைகள் அங்கே வளர, பத்துப் பதினைந்து வருடம் பிடித்து நிற்க வாங்குகிறவருக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

ஏற்கெனவே வாங்கிவிட்டு, விலை இறங்கியதைப் பார்த்துத் தூக்கமிழந்து கிடக்கிறவரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. தவணை தவறவில்லை, பத்திரம் சுத்தம், குடும்பம் அந்த வீட்டில்தான் இருக்கிறது என்றால், பக்கத்து மனை எத்தனைக்குப் போனது என்று தினமும் விசாரிப்பதை நிறுத்துங்கள். தவணை கட்ட முடியாத நிலை என்றால், ஒளியாதீர்கள். நோட்டீஸ் வருமுன் நீங்களே வங்கிக்குப் போய் மேலாளர் எதிரில் உட்காருங்கள். கடன் காலத்தை நீட்டித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். விற்றால்தான் தப்ப முடியும் என்றால் வங்கி ஏலத்துக்கு விடாமல் நீங்களே விலை பேசி விற்றுவிடுங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை. அதற்கு வேண்டிய தைரியம் வாங்கும்போது வேண்டியதைவிடப் பெரியது.

இடம் தேடுகிறவர்கள் இந்தச் சனிக்கிழமையே கிளம்புங்கள். வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பணத்தில் பாதி அவருடைய சிக்கனம். புரோக்கர் "விலையை முடிச்சிடலாமா சார்?" என்பார். "முதல்ல தாய்ப்பத்திரத்தக் காட்டுங்க, விலையை அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.