சக்கரம் வைத்த திண்ணை

வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்ப்பவர்கள் அளவையும் விலையையும் ஊன்றிப் படிப்பார்கள். 'தெருவுக்கு மேற்கு' என்னும் எல்லைக் குறிப்பைக் கடந்து சென்றுவிடுவார்கள். நமது உரிமை எந்த இடத்தோடு நின்றுவிடுகிறது என்பதை உரைப்பவை அவ்விரு சொற்களே. வாசற்படியைத் தாண்டி நாம் வைக்கும் முதல் அடி, பிறருக்கும் சொந்தமான மண்ணில் படுகிறது. அம்மண்ணில் நமது காரை இரவு பகலாக நிறுத்தி வைக்க நமக்கு உரிமை உண்டா?

இக்கேள்வியை நான் தேடிச் செல்லவில்லை. அதுவே என்னைத் தேடி வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவில், எங்கள் தெருவின் கடைசி வீட்டுப் பெரியவருக்கு மூச்சுத் திணறல் கண்டது. அழைத்த ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. இருமருங்கிலும் நின்ற கார்கள் அதற்கு வழிவிடவில்லை. நான்கு இளைஞர்கள் அவரை நாற்காலியில் அமர்த்தித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இறையருளால் அவர் பிழைத்தார். வழியை அடைத்து நின்ற கார்களுள் ஒன்று என்னுடையது. மறுநாள் எவரும் என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனம் என்னைச் சுட்டது.

கேட்டிருந்தால், "என் வாசலில்தானே நிறுத்தினேன்?" என்றிருப்பேன். நம்மில் பலருக்கும் அதுவே விடை. ஆயின் சட்டம் அவ்விடையை ஏற்பதில்லை. பிறருக்கு ஆபத்தோ இடையூறோ விளையும் வண்ணம் பொதுவிடத்தில் வண்டியை நிறுத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு தடுக்கிறது. பொதுவிடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று விடப்பட்ட வண்டியை அகற்றச் செய்யும் அதிகாரத்தை 127ஆம் பிரிவு காவல்துறைக்கு அளிக்கிறது. 'சொந்த வாசல்' என்னும் விலக்கு அவற்றில் இல்லை.

தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள், குடியிருப்புக்குரிய வண்டி நிறுத்துமிடத்தை வரைபடத்திலேயே காட்டச் சொல்கின்றன. காட்டுகிறோம். வீடு எழும்பியபின் அவ்விடம் பல வீடுகளில் கடையாகிறது, வாடகை அறையாகிறது, வண்டி தெருவுக்கு வருகிறது. அதிகாரியின் மேசையில் ஒரு வீடு, தெருவில் வேறொரு வீடு! வாடகை நமக்கு, அதன் சுமை வழிப்போக்கருக்கு.

ஜப்பானியர் இக்கேள்வியை முன்னதாகவே கேட்டுவிட்டனர். அங்கு 1962ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, கார் வாங்குபவர், அதை வைத்துக்கொள்ளத் தெருவல்லாத ஓரிடம் தமக்கு உண்டெனக் காவல் நிலையத்தில் சான்று பெற வேண்டும். இடம் சொந்தமாகவும் இருக்கலாம், வாடகையாகவும் இருக்கலாம். வசிப்பிடத்திலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருத்தல் வேண்டும். சில ஊர்ப் பகுதிகளுக்கும் சிறிய வகைக் கார்களுக்கும் விதி சற்றுத் தளர்வானது. தெருவில் ஒரே இடத்தில் 12 மணி நேரம், இரவாயின் 8 மணி நேரம் நிறுத்தி வைப்பது அங்கே குற்றம். விலையைச் சேர்த்துவிட்டாயா என்பதோடு, இடத்தைத் தேடிவிட்டாயா என்றும் அச்சட்டம் கேட்கிறது.

நமக்கு இது புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவீ அவர்கள் தமது 'மின்ஹாஜ்' நூலில் தெருவின் சட்டத்தை விளக்குகிறார்கள். பொதுத் தெருவில் நடப்போருக்குத் தீங்கு தரும் எதையும் செய்யலாகாது. அங்கே திண்ணை எழுப்புவதும் மரம் நடுவதும் கூடாது. முட்டுச் சந்தாயின் அது அதில் வாசல் வைத்திருப்போர் அனைவருக்கும் பொது. ஒருவர் தம் வீட்டின் பகுதியை அதன்மேல் நீட்ட மற்றவர்களின் இசைவு வேண்டும். நிழல் தரும் மரத்துக்கே இடமில்லாத தெருவில், நாள்கணக்கில் அசையாது நிற்கும் கார் எவ்வாறு நியாயமாகும்? அதுவும் ஒரு திண்ணைதான். சக்கரம் வைத்த திண்ணை.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஒற்றை அறையில் குடியிருக்கும் ஆட்டோ ஓட்டுநர் எங்கே போவார்? மாடி வீட்டுக்காரருக்குரிய விதியை அவர்மீதும் சுமத்துவது நீதியா? நல்ல கேள்வி. இடத்தை வாடகைக்கு விட்டுத் தெருவைப் பிடித்தவரும், இடமே இல்லாதவரும் ஒருவராகார். முன்னவர் தம் இடத்தை மீட்டாக வேண்டும். பின்னவருக்கு ஊர் ஒன்றுகூடி ஓர் இடம் காட்ட வேண்டும். அதுவரை, ஆம்புலன்ஸும் ஜனாஸாவும் செல்லும் அகலத்தை விட்டு, அண்டை வீட்டாரைக் கேட்டு அவர் நிறுத்திக்கொள்ளட்டும். கேட்பதில்தான் அனைத்தும் இருக்கிறது. கேட்காமல் எடுப்பது சிறிதாயினும் பறிப்பே.

அந்த இரவுக்குப் பின் இரண்டு தெருக்கள் தள்ளி ஒரு காலி மனையில் மாத வாடகைக்கு இடம் பிடித்தேன். மழை நாளில் நடந்து வரும்போது மனம் முணுமுணுப்பதுண்டு. சுபுஹு தொழுகைக்கு அப்பெரியவர் தடியூன்றி என் வாசலைக் கடந்து போவார். முன்பு என் காரைச் சுற்றிச் சாக்கடையோரமாகப் போனவர், இப்போது நேராகவே போகிறார்.