ஒளித்தவன் கடன்

சென்ற மாசியில் பல்லடத்தில் என் தங்கை வீட்டில் நாலு நாள் தங்கியிருந்தேன். வீட்டைச் சுற்றிலும் விசைத்தறிகள். மின்சாரம் நின்றால்தான் அதுவரை ஒரு சத்தம் இருந்துகொண்டிருந்தது என்பதே நினைவுக்கு வரும். அவ்வளவு பழகிவிடும். தங்கையின் மகன் காடாத் துணி வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதுகிறான். சாது. அதிர்ந்து பேச மாட்டான். இத்தனை வருஷம் அவனைத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். இந்தத் தடவைதான் அவனுக்கு ஒரு ரகசியம் இருப்பது தெரிந்தது. ஒரு பொருளை ஓரிடத்தில் ஒளித்து வைத்துவிட்டு, அதை யாராவது முன்பின் தெரியாதவர் வந்து கண்டுபிடிக்க வேண்டும் என்று அவன் காத்துக்கொண்டிருக்கிறான்.

இதற்கு ஜியோகேச்சிங் என்று பெயர். வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நானும் அன்றுதான் கேள்விப்பட்டேன். பொதுமக்களுக்குக் கிடைக்கும் ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க அரசாங்கம் ராணுவக் காரணங்களுக்காக வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்ததாம். நிற்கும் இடத்தை நூறு மீட்டர் வரை தப்பாகக் காட்டும். 2000-ஆம் வருஷம் மே மாதத் துவக்கத்தில் அந்தப் பிழையை நீக்கினார்கள். உடனே, மே 3-ஆம் தேதி, ஆரெகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்கருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைக் கொண்டுபோய்க் காட்டுப்புறத்தில் வைத்தார். வாளிக்குள் ஒரு நோட்டு, பென்சில், சில்லறைச் சாமான்கள். இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை ஊரறியச் சொன்னார். எடுத்தவன் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு வேறொன்றைப் போட்டுவிட்டுப் பெயரை எழுத வேண்டும். சில நாட்களிலேயே ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அன்று தொடங்கியது, இன்று உலகம் முழுவதும் பல லட்சம் டப்பாக்கள் கல்லிடுக்கிலும் மரப்பொந்திலும் கிடக்கின்றன.

புது விளையாட்டு என்று சொல்வதற்கும் இல்லை. இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற பொட்டல்காட்டில், 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்னும் இடத்தில் ஒரு பாட்டிலை வைத்து, அவ்வளவு தூரம் நடந்து வருகிறவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டைப் போட்டுவிட்டுப் போக ஏற்பாடு செய்தாராம். அவ்வளவு தூரம் போவானேன்? நம் வீட்டுப் பெண்குழந்தைகள் கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் ஆடவில்லையா? மணலை நீளக் கரையாகக் குவித்து, ஒரு துண்டுக் குச்சியை உள்ளே ஓட்டி ஓட்டி ஒளிப்பாள் ஒருத்தி. மற்றவள் இரண்டு கையையும் கோத்து ஓரிடத்தில் பொத்துவாள். அந்த ஆட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. குச்சி மணலுக்குள்தான் இருக்க வேண்டும். உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு மணலைத் தடவுகிறவளோடு மறுநாள் யாரும் விளையாட வரமாட்டார்கள்.

நான் எழுத வந்த விஷயம் இந்தக் குச்சியைப் பற்றித்தான்.

மருமகன் ஒளித்திருப்பது விரல் பருமனில் ஒரு குப்பி. உள்ளே சுருட்டிய காகிதம். சொந்தக்காரர் ஒருவருடைய தோட்டத்தில், அவர் சம்மதத்தின்பேரில் வைத்திருக்கிறான். இந்த விளையாட்டில் ஒவ்வொரு ஒளிவிடத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை கடினத்தின் அளவு போடுவார்கள். இவன் நாலரை போட்டிருந்தான். அதில் அவனுக்குப் பெருமை. வந்து தேடிக் கிடைக்காமல் போனவர்கள், 'கிடைக்கவில்லை' என்று எழுதிவிட்டுப் போவது வழக்கம். மூன்று பேர் அப்படி எழுதியிருந்தார்கள். ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து சின்னப் பையனையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தவர். வெயிலில் இரண்டு மணி நேரம் தேடினோம், பையன் அழுதுவிட்டான் என்று எழுதியிருந்தார். மருமகன் அதைச் சிரித்துக்கொண்டே வாசித்துக் காட்டினான்.

"பொருள் இருக்கிறதா என்று போய்ப் பார்த்தாயா?" என்று கேட்டேன்.

"இருக்குதுங் மாமா. அவுங்களுக்குத் தேடத் தெரியலீங்."

"எப்போது பார்த்தாய்?"

"வெச்சன்னைக்குப் பாத்தனுங்."

வைத்து ஒன்பது மாதம் ஆகிறது.

கொஞ்சம் கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன். மாமன் என்ற உரிமையில் புத்தி சொல்வது சுலபம், அது நியாயமா என்று பார்ப்பதுதான் கஷ்டம். அவன் கட்சிக்கும் ஆதாரம் உண்டு. அவன் யாரையும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. கட்டணம் வாங்கவில்லை. கஷ்டம் என்று முதலிலேயே எழுதி வைத்திருக்கிறான். கஷ்டம் என்று தெரிந்தே வந்தவர் கஷ்டப்பட்டால் அவன் என்ன செய்வான்? ஒருவர் 'கிடைக்கவில்லை' என்றதும் ஓடிப்போய்ப் பார்த்து, 'இருக்கிறது' என்று பதில் எழுதினால் விளையாட்டின் சுவை பாதி போய்விடுமே என்கிறான்.

நான் ஒளித்தலை இரண்டு ஜாதியாகப் பிரிக்கிறேன். கோயம்புத்தூருக்கருகே வெள்ளலூரில் 1842-இல் ரோமானிய வெள்ளிக் காசுகள் குவியலாக அகப்பட்டன. அவற்றைப் புதைத்தவன் யாரோ, பிறர் கண்ணில் படக்கூடாது என்று புதைத்தான். பதினெட்டு நூற்றாண்டுக்குப் பிறகு அது யார் கையில் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவனுக்கு ஒரு பொறுப்பும் இல்லை. அவன் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. இரண்டாவது ஜாதி, பிறருக்காக ஒளிப்பது. இங்கே ஒளிப்பவன் 'இருக்கிறது, வா' என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு சொல்லை நம்பி ஒருவன் லீவு போடுகிறான், பஸ் ஏறுகிறான், பையனுக்குத் தொப்பி வாங்கிக் கொடுக்கிறான். வழியில் தண்ணீர்ப் பந்தல் போடும்படி எவனையும் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் போட்டுவிட்டால் பானையில் தண்ணீர் இருக்க வேண்டும். ஏனென்றால் பந்தலைத் தூரத்தில் கண்டவன், பக்கத்துக் கிணற்றில் குடிக்காமல் வந்திருப்பான். பந்தலே இல்லாவிட்டால் அவனுக்கு அந்த நஷ்டம் இல்லை.

கஷ்டம் வேறு, சந்தேகம் வேறு. இருக்கிறதை நம்பித் தேடுகிறவனுக்கு மூன்றாவது மணி நேரமும் இன்பம்தான். இருக்கிறதோ இல்லையோ என்று ஒரு துளி சந்தேகம் விழுந்தால் பத்தாவது நிமிஷமே நரகம். ஆகவே 'இருக்கிறது' என்று சொல்வதால் சுவை கெடாது; அதைச் சொல்லாமல் விடுவதுதான் சுவையைக் கெடுக்கும். இந்த வாதத்தைக் கடவுள் வரைக்கும் நீட்டலாம். நீட்டச் சொல்லி ஒரு நண்பர் கேட்கவும் கேட்டார். ஒளிந்திருப்பவர் சார்பில் வக்காலத்து வாங்க எனக்குத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டேன்.

இந்த விளையாட்டுக்காரர்கள் அனுபவத்தில் சில நல்ல முறைகளை வகுத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். போய்ப் பார்த்துக்கொள்ள முடியாத தூரத்தில், சுற்றுலா போன இடத்தில், ஒளித்துவிட்டு வரக்கூடாது என்பது ஒன்று. இதை வகுத்தவன் மனித சுபாவம் அறிந்தவன். போகிற ஊரிலெல்லாம் ஒரு வாக்குறுதியை வைத்துவிட்டு வருகிறவர்களை அரசியலிலும் கண்டிருக்கிறோம், குடும்பங்களிலும் கண்டிருக்கிறோம். சந்தேகம் வந்தால், 'தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறேன்' என்று அறிவித்துவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று. எனக்கு மிகவும் பிடித்தது வேறு: கிடைக்காதவன் தானே ஒரு புது டப்பாவை அங்கே வைத்துவிட்டு, கண்டுபிடித்ததாகப் பெயர் எழுதுவதை அவர்கள் மட்டமாக நினைக்கிறார்கள். உபகாரம் போலத் தோன்றும். ஆனால் பழைய டப்பா அங்கேயேதான் இருக்கிறது, இவன் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவனே, "வாங்க மாமா, பாத்துப்போட்டு வந்தரலாம்" என்றான். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் கோழிப்பண்ணைகள், நடுநடுவே மனைப்பிரிவுக் கற்கள். பழைய கிளுவை வேலி மிச்சமிருந்த ஒரு தோட்டத்தில் இறங்கினோம். பாழுங்கிணறு. கவலை இறைத்த காலத்துக் கல்தூண்கள் இரண்டும் அப்படியே நின்றன. உருளையின் அச்சைத் தாங்கிய துளை ஒன்றில் குப்பியை வைத்து, அதே நிறக் கல்சில்லு ஒன்றால் மூடியிருந்தானாம். உண்மையிலேயே கெட்டிக்காரத்தனம்தான். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கல்சில்லு விழுந்து கிடந்தது. துளை இருந்த இடத்தில் துளை இல்லை. குளவி ஒன்று மண்ணைக் குழைத்துக் கொண்டுவந்து, கல்லோடு கல்லாக, கொத்தனார் பூசின மாதிரி மூடி வைத்திருந்தது. மருமகன் ஒரு குச்சியால் ஓரத்தை மெல்லப் பெயர்த்துப் பார்த்தான். உள்ளே ஆழத்தில் குப்பியின் மூடி பளபளத்தது.

"பாத்தீங்ளா மாமா! இருக்குதுங்!" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. நான் அந்தத் தூணைப் பார்க்கவில்லை. எங்கள் பழைய வீட்டு நிலைப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் அண்ணன் 1971-இல் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறான் என்று மட்டும் தெரியும். அவன் போன மறுநாளிலிருந்து அம்மா வாசல் நிலைக்கு மேலே, சுவரும் மரமும் சேரும் சந்தில், ஒரு சாவியை வைத்தாள். நாங்கள் யாரும் இல்லாத நேரத்தில் அவன் வந்துவிட்டால்? சின்ன வயசில் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாவி எடுக்கிற இடம் அது, அவனுக்குத் தெரியும். ஆள் மூலம் சொல்லியும் அனுப்பினாள். வெள்ளிக்கிழமைதோறும் ஸ்டூல் போட்டு ஏறி, சாவியை எடுத்து, முந்தானையில் துடைத்துத் திரும்ப வைப்பாள். அது ஒரு பூஜை.

மூன்று வருஷம் கழித்துத் தெருவில் ஒரு திருட்டுப் போயிற்று. நான் பெரிய மனுஷனாகத் தலையெடுத்திருந்த சமயம். வாசல் பூட்டை மாற்றிப் புதுசு போட்டேன். அம்மாவிடம் புதுச் சாவி ஒன்றைக் கொடுத்தேன். நிலைக்கு மேலே இருந்த சாவியை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மாவும் வெள்ளிக்கிழமை தோறும் அதைத் துடைத்துக்கொண்டேதான் இருந்தாள். அவள் அதைப் பூட்டில் போட்டுப் பார்க்கவில்லை.

ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். திரும்பி வந்ததும் எதிர்வீட்டுப் பாட்டி சொன்னாள்: பெரியவன் வந்தானாம். கையைத் தூக்கிச் சாவியை எடுத்தானாம். வெகுநேரம் திருகிப் பார்த்தானாம். எடுத்த இடத்திலேயே சாவியை வைத்துவிட்டு, "சாவி இருக்குதுங், தொறக்கலைன்னு சொல்லீருங்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டானாம். அம்மா திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சாவிதான் மாற்றவில்லையே தவிர, ஆள் மாறவில்லை அம்மா. வந்தவன் ஒரு மணி நேரம் காத்திருக்கக்கூடாதா? மறுபடியும் வருவான்" என்றேன். காத்திருக்கத் தெரியாதது அவன் குற்றம் என்று எனக்கு மெய்யாகவே பட்டது. அன்றைக்கே பஸ் ஏறித் திருப்பூருக்குப் போயிருக்கலாம். பல்லடத்திலிருந்து அரை மணிப் பயணம். போகவில்லை. புதுச் சாவியை மட்டும் நிலைக்கு மேலே வைத்தேன்.

அண்ணன் பிறகு அம்மாவின் காரியத்துக்குத்தான் வந்தான். அன்று வீடு நிறையக் கூட்டம். கதவு விரியத் திறந்திருந்தது.

இதை மருமகனிடம் நான் சொல்லவில்லை. கிணற்று மேட்டில் உட்கார்ந்து, "அப்பா, இருக்கிறது, வாஸ்தவம்தான். எடுக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டேன். அவன் குப்பியை நெம்பப் பார்த்தான். கூட்டுக்குள் குளவி ரீங்கரித்தது. பின்வாங்கிவிட்டான். குளவியைக் கொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. அதில் எனக்குச் சந்தோஷம். செல்போனை எடுத்து அங்கேயே ஏதோ தட்டினான். நிறுத்தி வைத்தாயிற்று என்றான். கோயம்புத்தூர்க்காரருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதச் சொன்னேன்.

"என்னன்னு எழுதறதுங் மாமா? எம்மேல தப்புன்னா?"

"நடந்ததை எழுது."

வெகுநேரம் யோசித்து, அழித்து அழித்து எழுதினான். இருட்டிவிட்டது. திரும்பி வருகிறபோது பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, பதில் வந்திருக்கிறதா என்று ஒரு தடவை எடுத்துப் பார்த்தான். வரவில்லை.