உடல் யாருக்கு உரியது?

‘தொடாதீர்கள்’ என்பதே அருங்காட்சியகங்களின் பொது விதி. அவ்விதிக்கு மாறாக, தொட்டுப் பார்க்குமாறு நம்மை அழைக்கும் அருங்காட்சியகம் ஒன்று பெங்களூரில் உண்டு. நிமான்ஸ் என வழங்கும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம், 1954இல் தோன்றிய அகில இந்திய மனநல நிறுவனமும் பழைய மனநல மருத்துவமனையும் இணைந்து 1974இல் உருவானது. அங்கு அமைந்துள்ள மூளை அருங்காட்சியகத்தில், உண்மையான மனித மூளையைப் பார்வையாளர் தம் கையில் ஏந்திப் பார்க்கலாம். பேராசிரியர் எஸ். கே. சங்கர் அவர்களின் பல்லாண்டு உழைப்பில் வளர்ந்த சேகரிப்பு அது.

சென்ற ஆண்டு என் பன்னிரண்டு வயது மகளுடன் அங்குச் சென்றிருந்தேன். மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம்; உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே உண்கிறது. உயிருள்ளபோது வெண்ணெய்போல் இளகியிருப்பது, பார்மலின் கரைசலில் ஊறியபின் கெட்டிப்படுகிறது. விபத்தில் குருதி கட்டிய மூளை, மறதி நோயால் சுருங்கிய மூளை, நாடாப்புழுவின் கட்டிகள் நிறைந்த மூளை எனக் கண்ணாடிக் கலங்கள் வரிசையாக நின்றன. தலைக்கவசத்தின் தேவையையும், கை கழுவுவதன் இன்றியமையாமையையும் அவற்றைக் காட்டிலும் தெளிவாகச் சொல்ல எந்தப் பாடநூலாலும் இயலாது.

என் மகள் இரு கைகளையும் குவித்து ஒரு மூளையை வாங்கிக்கொண்டாள். சிறிது நேரம் பேசாதிருந்தவள், “இவர் யார், அப்பா?” என்றாள். ‘இது என்ன?’ என்று அவள் கேட்கவில்லை. அந்த வினாவுக்கு என்னிடம் விடையில்லை.

அன்று இரவு என் தந்தையாரை நினைத்துக்கொண்டேன். தாமிரபரணிக் கரையிலிருந்து பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்தவர் அவர். நாற்பது ஆண்டுகள் இங்கே உழைத்தும், தம் உடல் சொந்த ஊர்ச் சுடுகாட்டிலேயே எரிய வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். இரவு முழுதும் வண்டியில் அவருடன் பயணம் செய்து அவ்விருப்பத்தை நிறைவேற்றினோம். ஊரை விட்டு வந்தவர்க்கு, உடலேனும் ஊர் திரும்புவது ஓர் ஆறுதல். இதை மூடநம்பிக்கை என்று இகழ எனக்கு மனம் வரவில்லை.

எனினும் ஒரு கேள்வி நெஞ்சை விட்டு அகலவில்லை. நம் நோயைத் தீர்க்கும் மருத்துவர் தம் முதற்பாடத்தை யாருடைய உடலில் கற்றார்? கேட்பாரற்ற உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்கு அளிக்க 1957ஆம் ஆண்டின் கர்நாடக உடற்கூற்றியல் சட்டம் இடந்தருகிறது. விரும்பிக் கொடுத்தோர் ஒருபுறமிருக்க, கொடுப்பதா வேண்டாவா என்று கேட்கப்படாமலே பயன்பட்டோரும் உளர். அவர்களுள் நம்மைப்போல் பிழைக்க வந்து, பெயர் தெரியாமல் மறைந்தவரும் இருந்திருக்கலாம். நாம் நம்மவர் உடலை ஊருக்குக் கொண்டுசெல்கிறோம். கொண்டுசெல்ல ஆளில்லாதவன் உடலால் நாம் நலம் பெறுகிறோம். இதில் நீதி எங்கே உள்ளது?

ஈகையைப் போற்றுவதில் தமிழ் மரபு யாருக்கும் பிற்பட்டதன்று. சிபி ஒரு புறாவுக்காகத் தன் தசையை அரிந்தான். கண்ணப்பர் இறைவனுக்குத் தம் கண்ணை அப்பினார். ஆயினும் சிபியின் முன் புறா இருந்தது. கண்ணப்பர் முன் குருதி வழியும் திருமுகம் இருந்தது. தம்மவர் மூளையை ஆய்வுக்கு அளிக்க இசைந்த குடும்பத்தினர் முன்போ எவரும் இல்லை. யார் பயன் பெறுவார் என்பதை அவர்கள் அறியார். பயன் பெறுவோரும் அவர்களை அறியார். துயரம் மிகுந்த வேளையிலும் முகமறியாத ஒருவரை எண்ணிய அந்தக் கொடையை, பழங்கதைகளின் கொடைக்குக் குறைந்ததென எவ்வாறு கூறுவது?

மேற்கு வங்கத்தில் இருபத்து மூன்று ஆண்டுகள் முதலமைச்சராயிருந்த ஜோதி பாசுவின் உடல், 2010இல் அவர் மறைந்தபின், அவர் விருப்பப்படியே மருத்துவக் கல்விக்கு அளிக்கப்பட்டது. எல்லாரும் அவ்வாறு செய்தாக வேண்டும் என்பது என் கருத்தன்று. சடங்கு இறந்தவருக்காக மட்டுமன்று, இருப்பவர் ஆறுதலுக்காகவும் நிகழ்வது. இரண்டுக்கும் இடமளிக்கும் வழியும் உண்டு: இறந்த 6 மணி நேரத்திற்குள் கண்களைத் தானமளித்துவிட்டு, உடலுக்குரிய கடன்களைக் குறைவின்றிச் செய்யலாம்.

ஒன்றை மட்டும் நாம் மறத்தலாகாது. எழுதிக் கையொப்பமிட்டாலும், இறந்தபின் உடலை ஒப்படைக்க வேண்டியவர் நம் வீட்டாரே. ஆகவே, இஃது ஒருவர் தனியே முடிவு செய்யும் செயலன்று. உயிரோடிருக்கும்போதே குடும்பத்தார் கூடியமர்ந்து பேச வேண்டிய செய்தி. சாவைப் பற்றி வீட்டில் பேசுவது அமங்கலம் என்னும் தயக்கமே பல நல்லெண்ணங்களைச் சுடுகாடு வரை கொண்டுபோய் எரித்துவிடுகிறது.

என் மனைவியிடம் இதைப் பேசத் தொடங்கியிருக்கிறேன். கண்களுக்கு அவள் இசைந்துவிட்டாள், உடலைப் பற்றிக் கேட்டபோது, “உங்களுக்கும் அப்பாவைப் போல ஊர் வேண்டாமா?” என்று கேட்டாள். அவளுக்கு இன்னும் நான் விடை கூறவில்லை. ஆனால், “இவர் யார்?” என்ற என் மகளின் வினாவுக்கு ஒரு விடை கிடைத்திருக்கிறது. அவர் நமக்குக் கடன் கொடுத்தவர். அவரிடம் அதைத் திருப்பித் தர இயலாது. வேறு யாருக்கேனும்தான் தர இயலும்.