சதியும் பொச்சாப்பும்: சுரங்க விபத்துகளில் ஐயத்தின் அறம்

முன்னுரை

சுரங்கத்தில் உயிர்கள் மாயும்போது, 'இது விபத்தா, நிறுவனத்தின் சதியா?' என்னும் வினா எழுவது இயல்பு. அவ்வாறு ஐயுறுவது அறமாகுமா, அவ்வையத்தின் எல்லை யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

அறியப்பட்ட ஆபத்து

ஐதராபாத் (தக்காண) கம்பெனி என 1886இல் தோன்றி, 1920இல் சிங்கரேணி காலரீஸ் எனப் பெயர் மாறிய நிறுவனத்தின் கோதாவரிக்கனி 7 எல்.இ.பி. சுரங்கத்தில், 2003 ஜூன் 16 அன்று நீர் புகுந்து 17 தொழிலாளர் இறந்தனர். 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகிலுள்ள சாஸ்நாலாச் சுரங்கத்தில் நீர் புகுந்து 375 பேர் மாண்டனர். இத்தகைய ஆபத்து முன்பே அறியப்பட்டதாகும். நீர் தேங்கியிருக்கக்கூடிய பழைய சுரங்கப் பகுதியை, முன் அனுமதியின்றி 60 மீட்டர் தொலைவுக்குள் நெருங்கலாகாது என்பது 1957ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகளின் விதியாக இருந்தது. பழைய பகுதிகளின் வரைபடங்களோ நிர்வாகத்திடமே உள்ளன. ஆதலின் அறிய இயலாதவர் அறிந்தவரை ஐயுற்று வினவுவது குற்றமன்று. அது அவர்தம் உரிமையாகும்.

'சதி' என்னும் சொல்

எனினும், சதி என்பது தீய நோக்கத்தைக் குறிக்கும் சொல். நோக்கம் மெய்ப்பிக்கப்படாவிடின், 'சதி இல்லை. எனவே குற்றமும் இல்லை' என நிறுவனம் எளிதில் விடுபடும். இச்சொல் எதிர்த்திசையிலும் பயன்படுவதுண்டு. சுரங்கத்துறை சாராத சான்றாயினும் போபால் இங்கு நினையத்தக்கது. 1984 டிசம்பரில் நிகழ்ந்த நச்சுவாயுக் கசிவுக்குத் தொழிலாளி ஒருவரின் சதியே காரணம் என யூனியன் கார்பைடு வாதிட்டது. 2010 ஜூனில் போபால் நீதிமன்றமோ, கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக அதன் இந்திய நிறுவன அதிகாரிகளைத் தண்டித்தது. யார் கூறினும், சதி என்னும் சொல் ஒரு கையைத் தேடச் செய்து, பல கைகளின் நெடுநாள் அலட்சியத்தை மறைத்துவிடுகிறது.

இலக்கிய நோக்கு

சிலப்பதிகாரத்தில் சதி செய்தவன் பொற்கொல்லன், பாண்டியன் அல்லன். ஆயினும் ஆராயாமையே தன் குற்றம் என உணர்ந்து அவன் உயிர் நீத்தான். தீய நோக்கம் இன்மை அவனுக்குப் புகலாகவில்லை. அதே நிகழ்ச்சி வேறோர் உண்மையையும் உணர்த்துகிறது: கோவலனைக் கொன்றதும் ஆராயப்படாத ஓர் ஐயமே. ஐயம் ஆராய்ச்சிக்கு வாயிலாகலாம், தீர்ப்பாகலாகாது. திருவள்ளுவரும் பொச்சாவாமை என ஓர் அதிகாரம் வகுத்து, மகிழ்ச்சி மயக்கத்தால் விளையும் சோர்வு அளவிறந்த சினத்தினும் தீது என்கிறார். சினத்துக்குப் பகைவன் ஒருவனே இலக்கு. சோர்வுக்கோ அதன் நிழலில் நிற்போர் அனைவரும் இரையாவர்.

முடிவுரை

ஆகவே, 'சதி செய்தவர் யார்?' என்னும் வினாவினும், 'அறிந்திருந்தவர் யார்? அறியக் கடமைப்பட்டிருந்தும் அறியாதிருந்தவர் யார்?' என்னும் வினாக்களே அறத்திற்கு நெருக்கமானவை. இவற்றுக்கு விடை கூறும் பொறுப்பு, சதி மெய்ப்பிக்கப்படாத நிலையிலும் நிறுவனத்தை விட்டு நீங்குவதில்லை.