உரித்த சுளைகள்

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். நண்பரின் மனைவி தட்டில் கமலா ஆரஞ்சு கொண்டு வந்து வைத்தார். எனக்கு முழுப் பழம். நண்பருக்கு உரித்த சுளைகள். உரித்தது மட்டுமல்ல, நாரை எடுத்து, ஒவ்வொரு சுளையையும் கீறிக் கொட்டையையும் நீக்கியிருந்தார். நண்பர் தட்டைப் பார்க்காமலே எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சுளையில் எப்படியோ ஒரு கொட்டை தங்கிவிட்டது.

"இதைக்கூடப் பார்த்துச் செய்ய முடியவில்லையா?" என்று சீறினார்.

அந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். மிச்சச் சுளைகளை மறுபடி சரிபார்க்கத்தான்!

வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். நண்பர் கெட்டவர் அல்லர். ஆபீஸில் பியூனிடம்கூடத் தணிந்து பேசுகிறவர். அப்படிப்பட்டவருக்கு வீட்டில் மட்டும் இந்தக் கல்நெஞ்சு எங்கிருந்து வந்தது?

எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். திருப்பிக் கொடுக்க முடிகிற அளவுக்குத்தான் ஒருவரிடம் சந்தோஷமாக வாங்கிக்கொள்ள மனிதனால் முடிகிறது. அதற்கு மேல் போனால் அது கடன். கடன்பட்டவன் கடன் கொடுத்தவரைத் தெருவில் கண்டால் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவான். ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது திரும்புவதற்குச் சந்து ஏது? அதனால் கோபத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறான்.

நாவல் எழுதிப் பிழைக்கிறவன் எனக்கு இந்த விஷயத்தில் டால்ஸ்டாயின் மனைவி சோபியா அடிக்கடி நினைவுக்கு வருவாள். 1862-ல் கல்யாணம். அவளுக்கு வயது 18, அவருக்கு 34. பதின்மூன்று குழந்தைகள் பெற்றாள், பண்ணையை நிர்வகித்தாள், தமிழில் 'போரும் வாழ்வும்' என்று வந்திருக்கிறதே, அந்த மாபெரும் நாவலின் அடித்தல் திருத்தல் நிறைந்த கையெழுத்துப் பிரதிகளை இரவு விளக்கில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப நகல் எடுத்தாள். இதெல்லாம் பெரிதல்ல. பிற்காலத்தில் டால்ஸ்டாய் 'கிராய்ட்சர் ஸொனாட்டா' என்று ஒரு கதை எழுதினார். கல்யாண வாழ்க்கையையே தூற்றும் கதை; கணவன் மனைவியைக் கொன்றுவிடுகிறான். ஊரார் அதைச் சோபியாவோடு சேர்த்துப் பேசினார்கள். அவள் வெட்கத்தால் குன்றிப்போனாள். ஆனால் அந்தக் கதைக்கு அரசாங்கத் தடை வந்தபோது, 1891-ல் தலைநகருக்குப் போய், மூன்றாம் அலெக்ஸாண்டர் சக்கரவர்த்தியையே நேரில் பார்த்து, அதை அச்சிட அனுமதி வாங்கி வந்தவளும் அவளே!

இதைத் தியாகம் என்பதா? எனக்கு வேறு விதமாகப் படுகிறது. "உன்னால் என்னை எவ்வளவு அவமானப்படுத்த முடிந்தாலும் அதற்கு மேல் என்னால் கொடுக்க முடியும்" என்று காட்டுகிற வைராக்கியமும் அதில் கலந்திருக்கிறது. அவள் வெளிக்குக் கணக்குக் கேட்கவில்லை. தன் டைரிகளில் வரி வரியாகக் கணக்கு வைத்திருந்தாள். டால்ஸ்டாயோ தன் வேலையைத் தானே செய்ய வேண்டும் என்று உலகத்துக்கு உபதேசித்தவர். பூட்ஸ் தைக்கக்கூடக் கற்றுக்கொண்டார். (நகல் எடுக்கும் வேலை மட்டும் மனைவியையும் பெண்களையும் விட்டுப் போகவில்லை.) 1910-ல், 82-வது வயதில், நாற்பத்தெட்டு வருஷ வாழ்க்கைக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதி வைத்துவிட்டு, இருட்டோடு வீட்டை விட்டுப் புறப்பட்டுவிட்டார். அஸ்தாபோவா ரயில் நிலையத்தில், ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் அவர் சாகக் கிடந்தபோது, ஓடி வந்த சோபியாவை அவர் நினைவிழந்த பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

குற்றம் அவளுடையதா என்று வாசகிகள் என்னைக் கேட்கக்கூடும். வாங்கிக்கொண்டே இருந்தவன் குற்றம்தான் பெரிது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எல்லாவற்றையும் தானே செய்கிறவள், எதிரில் இருப்பவன் ஒரு சிறு துரும்பையாவது எடுத்துப் போடுவதற்கு இடம் வைப்பதில்லை. பிறகு, "எனக்கு ஒரு துரும்பு எடுத்துப் போட்டாரா?" என்று இரவில் அழுகிறாள். அந்த அழுகை பொய்யல்ல. அதனால்தான் இந்த விஷயம் இவ்வளவு சங்கடமாக இருக்கிறது.

எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. உரித்த சுளை நீட்டும் மனைவிகளை நானே என் கதைகளில் படைத்து, கடைசி அத்தியாயத்தில் அவர்களைச் சாகடித்து, கணவனைக் கதற வைத்து, வாசகர்களின் கண்ணீரைச் சம்பாதித்திருக்கிறேன். அந்த மனைவி ஒரு நாளாவது, "இன்றைக்கு நீங்கள் உரித்துக் கொடுங்கள்" என்று சொல்வதாக எழுத எனக்குத் தோன்றவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் கதை நாலாவது அத்தியாயத்திலேயே முடிந்திருக்கும்!

நண்பரைப் பற்றி இவ்வளவு நியாயம் பேசினவன் வீட்டு யோக்கியதையையும் சொல்ல வேண்டாமா? சென்ற மழைக்காலத்தில் என் மனைவி ஜுரத்தில் படுத்துவிட்டாள். காலையில் காப்பி போடலாம் என்று அடுப்படிக்குப் போனேன். பாத்திரச் சத்தம் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நீங்கள் போய் உட்காருங்கள். உங்களுக்கு ஒன்றும் தெரியாது."

உடம்பு அனலாகக் கொதிக்கிறது. நான் போய் உட்கார்ந்துவிட்டேன். காப்பி வந்தது. நன்றாக இருந்தது. அதைக் குடித்தேன் என்பதை எழுத இப்போது கை கூசுகிறது.

மறுநாள் அவள் விழிப்பதற்கு முன்பே எழுந்து, எப்படியோ காப்பி போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பேசாமல் குடித்துவிடுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"சர்க்கரை போடவில்லையே" என்று டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

சர்க்கரை டப்பா இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.